பாழான இருபத்தைந்து தகடுகள்

காலை 10.40. தூசிக்கு இடமில்லாத கண்ணாடி அறைக்குள் இருபத்தைந்து சிலிக்கான் தகடுகள் பாழாகிக் கிடந்தன. தலைமுடி ஒன்றின் அகலத்துக்குள் ஆயிரக்கணக்கான கோடுகளை ஒளியாலேயே வரைந்து செய்யும் புதுத் தலைமுறைச் சிப்புகள் அவை. இப்போது கோடெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நாளை வாடிக்கையாளர்கள் பார்க்க வருகிறார்கள். அந்த வருகைக்காக ஷிப்ட் பொறியாளர் விடியற்காலையிலிருந்தே கண்ணாடியும் கையுமாக இருந்ததை மனைவி கிண்டல் செய்திருந்தாள். இனி எந்த முகத்தோடு அவர்கள் முன்னால் நிற்பது?

தகடு சிக்கியதென்று இயந்திரக் கதவைத் திறந்தபோது அங்கே இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். மற்றவள் அந்த இயந்திரத்தை இயக்குபவள், அவர் மனைவியின் தங்கை. சொந்தக்காரி என்று விட்டுவிட்டதாக எவனும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதே! உடை மாற்றும் அறையில் தலையுறையைக் கழற்றி வீசிவிட்டு, எல்லார் முன்னிலையிலும் அவள் பையைக் கவிழ்க்கச் சொன்னார். தலைவலித் தைலக் குப்பி ஒன்று உருண்டது. இதைத் தடவிக்கொண்டுதான் வந்திருக்கிறாய், இதன் ஆவிதான் தகட்டைக் கெடுத்திருக்கிறது, நாளையிலிருந்து வராதே என்று கத்தினார். “தடவல மாமா” என்றாள் அவள். அவ்வளவுதான்.

விசாரணைக்கு வந்த அம்மாள் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆலையில் அவருக்கு வைத்த பெயர் கழுகு. பொறியாளரையும் கூட்டிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனார். ஆய்வக முடிவு கையில் இருந்தது. அமோனியாவின் பங்காளியான அமீன் என்ற வாயு தகட்டின் மேல்பூச்சைக் கெடுத்திருந்தது.

“தைலத்துல இது உண்டா?”

“இல்ல.” அவர் குரல் இறங்கியது.

“கதவுக்குள்ள தலையை விட்டது யாரு?”

“நான்தான். அவ தள்ளி நின்னா.”

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வெள்ளை உடையும் முகமூடியும் போக, தெரிந்தது கண்ணும் புருவமும்தான்.

“அடையாள அட்டைப் படத்துல புருவம் நரைச்சிருக்கு. நேர்ல கருகருன்னு இருக்கு. எப்போ சாயம் அடிச்சீங்க?”

“காலைல. அமோனியா இல்லாததாப் பாத்துத்தாங்க வாங்கினேன்.”

“அதுக்குப் பதிலா என்ன கலந்திருக்கான்னு பாத்தீங்களா? அதுவும் அமீன்தான். அமோனியாவாவது சீக்கிரம் பறந்துடும், இது முடியிலேயே தங்கும். தகட்டைக் கெடுத்தது நீங்கதான்.”

அமீன் ஆகாது என்று புதிதாகச் சேர்பவர்களுக்குப் பாடம் எடுப்பவரே அவர்தான். கொஞ்சம் இளமையாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது. வெட்கத்தில் காது சுட்டது.

உடை மாற்றும் அறையில் கொழுந்தியாள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அம்மாள் அவளிடம், உனக்குச் சந்தேகமே வரவில்லையா என்று கேட்டார்.

“மாமா தலையுறையைக் கழட்டினப்பவே சாய வாசனை வந்துச்சு. அத்தனை பேர் முன்னாடி அவர் மானத்தை எப்படி வாங்குறது?”

அவருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஷிப்ட் ஆட்களை எல்லாம் அதே அறைக்குத் திரும்பக் கூப்பிட்டார்.

“தகட்டைக் கெடுத்தது நான். இவமேல பழியைப் போட்டு அவமானப்படுத்தினதும் நான். என்னை மன்னிச்சுடும்மா.”

அவள் நிமிரவில்லை. தரையில் சிதறிக் கிடந்த தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.