மேல்பூச்சு

லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பல்லிக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். தலை, வால், நான்கு கால் எல்லாம் அச்சு அசலாக, சுவரின் அதே வெள்ளையில் புடைத்துக்கொண்டு நின்றன. வேலைக்குக் கிளம்பிய அவசரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பல்லியை விரட்டக்கூடச் சோம்பல்படுகிறவன் என்ன பெயிண்டரோ. சாயங்காலம் திரும்பி வந்தபோது அந்தப் பல்லி ஒரு சாண் மேலே இருந்தது. காலையில் சரியாகப் பார்த்திருக்க மாட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் குடியிருப்பைப் பராமரிக்க எடுத்துக்கொண்ட ஏஜென்டுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பெயிண்ட். சுவரில் விரிசலா, பெயிண்ட். குழாயில் துருவா, பெயிண்ட். மாதக்கணக்கில் ஓடாத லிஃப்டின் கதவுக்கும் பளிச்சென்று ஒரு கோட் அடித்துவிட்டு, "முடிஞ்சாச்சு மேடம்" என்று போனில் சொன்னவன் அவன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவன் முழுக் கட்டடத்தையே ஒரு டப்பா பெயிண்டில் மறைக்கப் பார்த்தான். அவள் கணவன் அவனுக்கு 'முடிஞ்சாச்சு' என்றே பெயர் வைத்திருந்தான். ஆளுக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரிக்கிற அளவுக்கு அப்போது அவனுக்கு மூச்சு இருந்தது.

மழை பிடித்துக்கொண்டதும் அதுவும் போயிற்று. அவனுக்கு நுரையீரல் பழுது. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் நாலு இடத்தில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வான். அந்தச் சுவரோ ஊறிப்போன ரொட்டி மாதிரி இருந்தது. உள்ளே எங்கோ குழாய் உடைந்து, அவன் தலைமாட்டில் ஈரம் படர்ந்து, படர்ந்த இடமெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருந்தது. முன் அறையில் படுக்கையைப் போட்டுப் பார்த்தாள். அங்கே ஈரம் இன்னும் மோசம். இந்த ஈரத்தில் வைத்திருந்தால் மழைக்காலம் தாண்ட மாட்டார் என்று டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டார். இரவு முழுக்க அவன் இழுத்து இழுத்து விடுகிற மூச்சை அவள் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒவ்வொன்றும் வெளியே வந்த பிறகுதான் அவளும் தன் மூச்சை விடுவாள்.

ஏஜென்டைக் கெஞ்சினாள், திட்டினாள், அவன் ஆபீஸ் வாசலில் போய் நின்று அழவும் அழுதாள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம். அம்மி நகர்ந்தாலும் அந்த ஆள் நகர மாட்டான். வீட்டுச் சாவியைக் கொடுத்தால் பகலில் ஆள் அனுப்பிச் சரிசெய்கிறேன் என்பதே அவன் பதில். கணவனோ மாத்திரை போட்டுக்கொண்டு பகலெல்லாம் அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறவன். முன்பின் தெரியாத ஆளை எப்படி உள்ளே விடுவது? அந்தப் பெயிண்டரைக் கட்டடத்தில் யாரும் கண்ணால் கண்டதில்லை. காலையில் இல்லாத வெள்ளை சாயங்காலம் இருக்கும், அவ்வளவுதான்.

எதிர் வீட்டில் தனியாக இருந்த ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்தான் அவள் மனதை மாற்றினார். அவர் வீட்டிலும் இதே ஈரம். ஏஜென்டோடு அதிகமாகச் சண்டை போட்டவரும் அவரே. போன வாரம் அவளை நடையில் நிறுத்தி, "நான் சாவியக் குடுத்துட்டேம்மா. நீயும் குடுத்துடு. வேற வழியில்ல" என்றார். அதற்குப் பிறகு அவரைப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை.

இந்த வாரம் ஒரு நாள் காலை அவளும் சாவியைக் கொடுத்துவிட்டாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. அன்றைக்குப் பார்த்து ஒருவருக்கும் நரம்பு சரியாகக் கிடைக்கவில்லை. மனம் வீட்டிலேயே கிடந்தது. இடையில் ஒதுங்கி நின்று ஏஜென்டுக்குப் போன் செய்தாள்.

"ராத்திரி பூரா இருமறாருங்க. மூச்சு விடறதுக்கே அப்படி இழுக்குது. என்னால கேட்டுட்டிருக்க முடியல. உங்க கால்ல வேணா விழறேன், ஏதாவது பண்ணுங்க."

"கவலைய விடுங்க மேடம்," என்றான் அவன். "இனிமே அந்த ரூம்லேர்ந்து ஒரு சத்தமும் வராது."

பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நீரில் மூழ்குகிறவளுக்குத் துரும்பும் ஒரு பிடிதான். சரிங்க என்றாள். இரண்டு தடவை நன்றியும் சொன்னாள்.

இருட்டிக்கொண்டு வருகிற நேரத்தில், மழையில் பாதி நனைந்து, படியேறி மேலே வந்தாள். கீழ்ப்படியிலேயே பெயிண்ட் வாடை மூக்கில் ஏறியது. ஒவ்வொரு மாடிக்கும் அது கெட்டியாகி, நாக்கில் படிகிற மாதிரி, தொண்டையில் ஒரு தோல் படர்கிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. நடையில் விளக்கு எரிந்தது, ஆனால் பல்புக்கும் வெள்ளை அடித்திருந்ததால் தண்ணீர் கலந்த பால்போல ஒரு வெளிச்சம்தான் தரையில் வழிந்தது, அந்த வெளிச்சத்தில் அவள் நிழல்கூடச் சரியாக விழவில்லை. மழைச் சத்தம் வெளியே எங்கோ தள்ளி, பஞ்சுக்குள் வைத்ததுபோல் கேட்டது.

எதிர் வீட்டைப் பார்த்தாள். கதவைக் காணோம்.

நின்று கூர்ந்து பார்த்த பிறகே புரிந்தது. கதவு இருந்தது. கதவு, நிலை, சுவர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே வெள்ளையாக அடித்து இடுக்குகளை மூடியிருந்தார்கள். கைப்பிடி ஒரு கட்டி. பெயர்ப்பலகை ஒரு திட்டு. தொட்டாள். நன்றாகக் காய்ந்திருந்தது.

"சார்?"

உள்ளே, கதவின் மறுபக்கத்தில், யாரோ உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே மேலே கொண்டுபோகிற சத்தம். மெதுவாக. முகத்துக்கு நேரே, ஆளைப் பார்க்கிற துளை இருந்த இடத்தில், பெயிண்ட் வெளியே புடைத்தது, உள்ளிருந்து ஒரு விரல் அழுத்துவதுபோல. புடைத்து அப்படியே நின்றது. பிறகு உள்வாங்கிக்கொண்டது.

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகு தன் வீட்டுக் கதவில் இடித்தது. கதவு தாழிடாமல் இருந்தது.

முன் அறையில் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. வாடை மட்டும் கண்ணை எரித்தது. காது கொடுத்துக் கேட்டாள். இருமல் இல்லை. இழுப்பு இல்லை. பாழாய்ப்போன மனம் ஒரு கணம் சந்தோஷப்பட்டது. நன்றாகத் தூங்குகிறார் போலிருக்கிறது, எத்தனை நாளைக்குப் பிறகு.

கையிலிருந்த போன் அடித்தது.

"முடிஞ்சாச்சு மேடம்," என்றது குரல்.

படுக்கையறைக்குள் போனாள்.

வெள்ளை. சுவர், கூரை, தரை. ஜன்னல். ஜன்னல் கண்ணாடி. மேசை, அதன்மேல் மருந்து பாட்டில்கள். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஈரம் இல்லை, பூஞ்சை இல்லை. கட்டில் ஒரு மேடாகத் தெரிந்தது. அதன்மேல் இன்னொரு மேடு. நீளமாக. ஒருக்களித்து.

"என்னங்க."

மேட்டின் ஒரு முனையில், வாய் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளை மெல்ல உப்பியது. அடங்கியது. உப்பியது.

பாய்ந்தாள். நகத்தால் கிழித்தாள். ஈரப் பெயிண்ட் பாலாடைபோல உரிந்து கையோடு வந்தது. கீழே வெள்ளை. காய்ந்த வெள்ளை. சுரண்டினாள். பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. அதன் கீழே இன்னொரு பூச்சு. அதன் கீழே இன்னொன்று, பழுப்பேறி, வருடக்கணக்கில் பழசானது. இன்றைக்குக் காலையில் இந்த நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தானே போனாள். நகம் பிய்ந்தது. ரத்தம் வந்தது. அறையில் வேறு நிறமே இல்லை.

"இருங்க. இதோ. இதோ எடுத்துடறேன். மூச்ச மட்டும் நிறுத்திடாதீங்க."

தோண்டத் தோண்டப் பூச்சு. அதற்கும் கீழே, எங்கோ, உப்புவதும் அடங்குவதும்.

முதுகுக்குப் பின்னால் அறைக் கதவு சாத்திக்கொண்டது. அதன் வெளிப்பக்கத்தில், ஈரமாக, நிதானமாக, மேலும் கீழும் பிரஷ் போகிற சத்தம் கேட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தோண்டிக்கொண்டே இருந்தாள்.