ஒன்பதாவது தையல்

எட்டாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கிளினிக்கின் பின்கதவைத் திறந்தேன். முன்கதவைத் திறக்கத் தைரியம் இல்லை. எதிர் டீக்கடையில் நாலு நாளாக ஒரே ஆள், ஒரே பைக்கில் சாய்ந்துகொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நாலு நாள் படிக்கிற அளவுக்கு எந்தப் பேப்பரில் என்ன இருக்கிறது? மஃப்டி போலீஸ் என்று பால் வாங்க வருகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

என் பெயர் விக்டோரியா. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரு பழைய ஓட்டு வீட்டில் டாக்டர் ஜோசப் நடத்திவந்த கிளினிக்கில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். எனக்கு எல்லாம் இடது கை. ஊசி போடுவது, தையல் போடுவது, அடம் பிடிப்பவன் தோளில் ஒன்று வைப்பது, எல்லாமே. ஊசியைக் கண்டால் மயங்கி விழுகிற இரும்புக் கம்பெனி ஆம்பளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் எதற்கும் லேசில் பயப்படுகிறவள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்த மாதம் ஒரு கம்பெனியில் உலை வெடித்து மூன்று ஒப்பந்தத் தொழிலாளிகள் இறந்துபோனார்கள். உடலைக்கூடக் காட்டவில்லை என்று மற்றவர்கள் கேட்டின் முன் உட்கார்ந்தார்கள். மதியம் தடியடி. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ் நின்றுகொண்டு, தலையில் ரத்தத்தோடு வந்தவனை எல்லாம் வேனில் ஏற்றியது. அதனால் பதின்மூன்று பேர் எங்கள் பின்கதவைத் தட்டினார்கள்.

அடிபட்டு வருகிறவர்களைப் பதிவேட்டில் எழுதி, போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி. டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

"பேர் எழுதாத விக்டோரியா. எழுதினா நாளைக்கு அத்தனை பேர் ஊட்டுக்கும் ஜீப்பு போவும். நம்பர் மட்டும் போடு."

அப்படியே செய்தேன். ஆளுக்கு ஒரு சீட்டு. அதில் ஒரு எண், அதன் கீழே என் கையெழுத்தில் 'எட்டாம் நாள், தையல் பிரிக்க.' அவ்வளவுதான்.

பதினோராம் எண் ஜெகன் என்ற பையனுக்கு. வயது இருபத்தாறு இருக்கும். உச்சந்தலைக்குப் பின்னால் நீளமான வெட்டு. டாக்டர் அடுத்த அறையில் ஒரு கை முறிவோடு போராடிக்கொண்டிருந்ததால் நானே ஒன்பது தையல் போட்டேன். முழு நேரமும் அவன் என்னோடு பேசிக்கொண்டே இருந்தான். பெண்டாட்டி பெயர் ஈஸ்வரி, கல்யாணம் ஆகி ஏழு மாதம், அவளுக்கு ரத்தம் பார்த்தால் ஆகாது என்று. கடைசி முடிச்சைப் போட்டு நூலை வெட்டினேன். அவன் குனிந்து ஸ்டூலின் பக்கத்தில் வாந்தி எடுத்தான்.

தலையில் அடிபட்டவன் வாந்தி எடுத்தால் உள்ளே ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். எனக்கு இது பத்தொன்பது வருடமாகத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டது.

நான் ஒரு துணியை எடுத்துத் தரையைத் துடைத்தேன். சீட்டை அவன் கையில் திணித்தேன். "ஓடு தம்பி, எட்டாம் நாள் வா" என்று பின்கதவு வழியாகத் தள்ளிவிட்டேன். ஜீப் நிற்காமல் நேராகப் போய்விட்டது. அதற்குப் பிறகும் நான் டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார் என்ற பயம்தான், வேறென்ன? பாவி, ஒரு திட்டுக்குப் பயந்தேன்.

நாலாம் நாள் டாக்டரைக் கைது செய்தார்கள். கலவரக்காரர்களுக்கு அடைக்கலம் கொடுத்தாராம். என்னை விசாரித்துவிட்டு, "வாயத் திறந்தா நீயும் உள்ள போவ" என்று அனுப்பினார்கள்.

இருந்தும் எட்டாம் நாள் வந்தேன். தையலை யாராவது பிரிக்க வேண்டும் அல்லவா? விட்டால் சீழ் வைக்கும். அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

ஒவ்வொருவராகப் பின்பக்கம் வந்தார்கள். பிரித்தேன், மருந்து தடவினேன், அனுப்பினேன். மதியம் இரண்டரை மணிக்குள் பன்னிரண்டு பேர் முடிந்தது. பதினோராம் எண் மட்டும் பாக்கி. மறந்திருப்பான் என்று கைகழுவத் திரும்பினேன்.

கரண்ட் போனது.

மின்விசிறி கடைசி இரண்டு சுற்றை மெதுவாகச் சுற்றி நின்றது. வெளியே நல்ல வெயில். ஓட்டின் நடுவே பதித்த கண்ணாடி வழியாக வெளிச்சம் ஸ்டூலின்மேல் மட்டும் விழுந்தது. டெட்டால் வாசனைக்கு நடுவே வேறொரு வாசனை வந்தது. உலைக்கரியும் புளித்த சோறும் கலந்த மாதிரி.

மேஜையில் ஒரு சீட்டு இருந்தது. பதினொன்று.

ஸ்டூலில் அவன் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

"எப்பப்பா வந்த?"

"நீங்கதான எட்டாம் நாளு வரச் சொன்னீங்கோ." குரல் ரொம்பத் தணிந்திருந்தது. "அரிக்குதுக்கா. சீக்கிரம் எடுத்துடுங்க."

தலையில் கை வைத்தேன். சில்லிட்டிருந்தது. ஏசி பஸ்ஸில் வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். மனசு எப்படியெல்லாம் சமாதானம் தேடுகிறது பாருங்கள். முதல் தையலை வெட்டி இழுத்தேன். வெட்டின இடம் வாய் திறந்தது.

ஒட்டவே இல்லை. எட்டு நாள் ஆன காயம் அல்ல அது. இப்போதுதான் பட்டது போல இருந்தது. ஆனால் ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை.

நிறுத்தியிருக்க வேண்டும். கை நிற்கவில்லை. பழகின கை அதன் வேலையைப் பார்த்துக்கொண்டே போனது. இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொரு நூலும் தட்டில் விழுந்தது. எட்டு வரைக்கும் எடுத்துவிட்டேன். ஒன்பதாவதில் கத்தரிக்கோலை வைத்தபோது அவன் கேட்டான்.

"அக்கா, நான் வாந்தி எடுத்தத டாக்டராண்ட சொன்னீங்களா?"

கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தேன்.

பின்கதவு படபடவென்று தட்டப்பட்டது. திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஸ்டூல் காலியாக இருந்தது.

வாசலில் ஒரு சின்னப் பெண், கூடவே கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்த ஒரு நடுத்தர வயதுக்காரர். வக்கீல் தணிகைவேல் என்றார். அந்தப் பெண் யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அக்கா, நான் ஈஸ்வரி. எங்க ஊட்டுக்காரரு ஜெகன். ஒரு வாரமா தேடிக்கினு கீறேன். இன்னிக்குக் காலைலதான் சவக்கிடங்குல பாத்தேன். ஆறு நாளா பேரு தெரியாத பொணம்னு பொட்டில வச்சிருந்தாங்களாம்."

ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தேன்.

"போராட்டத்துக்கே அவரு வரலியாம். குடிச்சிட்டு ரயில்லருந்து வுழுந்துட்டாராம். அப்படித்தான் போலீசுல எழுதி வச்சிருக்காங்க. ஆனா தலைல தையல் கீதுக்கா! ஒம்போது தையல். என் கையால எண்ணிப் பாத்தேன். ரயில்லருந்து வுழுந்து செத்தவனுக்கு எவன் வந்து தையல் போட்டான்? சொல்லுங்க."

வக்கீல் மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு அடிபட்டவங்க இங்கதான் வந்தாங்கன்னு கூட வேலை பாத்தவங்க சொன்னாங்க. அந்தத் தையல்தாம்மா எங்களுக்கு இருக்கிற ஒரே ஆதாரம். அடிபட்ட பிறகு உயிரோட இருந்தான், சிகிச்சை எடுத்தான்னு அது காட்டும். நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பிரேதப் பரிசோதனை. போட்டது நீங்கதான்னு சொன்னா போதும். உங்களுக்கு ஆபத்துதான். மறைக்க விரும்பல."

என் பின்னால் தட்டில் எட்டு கறுப்பு நூல்கள் கிடந்தன.

"நான்தான் போட்டேன்" என்றேன். "எங்க வேணாலும் வந்து சொல்றேன். மொதல்ல இப்பவே அவனப் பாக்கணும்."

சவக்கிடங்கு ஊழியர் அப்பாவு பெட்டியை இழுத்துத் தலையைத் திருப்பிக் காட்டினார். ஈஸ்வரி வீறிட்டாள். காயம் திறந்து கிடந்தது. ஓரத்தில் ஒரே ஒரு தையல். நூலின் நுனிகள் இடப்பக்கம் சாய்ந்த என் முடிச்சு.

"காலைல ஒம்போது இருந்துச்சும்மா. நானும் பாத்தேனே" என்றார் அப்பாவு. "சாவி என்னாண்டதான் கீது. யாரும் உள்ள வரல."

வக்கீலின் முகம் இருண்டது. யாரோ உள்ளே புகுந்து வெட்டியிருப்பதாக அவர் நினைத்தார். நான் என்ன சொல்வேன்? நான்தான் வெட்டினேன் என்றா?

"ஒண்ணு இருக்கு இல்ல, அது போதும்" என்றார் அவர். ஜெகனோடு வேலை பார்த்தவர்கள் ஆறு பேரை இரவு முழுக்க சவக்கிடங்கு வாசலில் காவலுக்கு உட்கார வைத்தார்.

மறுநாள் காலை எட்டரைக்குக் கிளினிக்குக்குப் போனேன். நான் பயன்படுத்தின நூல்டப்பாவை எடுத்து வரச் சொல்லியிருந்தார் வக்கீல். வெயில் சுள்ளென்று அடித்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, நான் போடாமலே.

அவன் ஸ்டூலில் இருந்தான்.

"இன்னும் ஒண்ணு கீதுக்கா."

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் இடது கையை என்னால் நம்ப முடியவில்லை. "வேணாம் தம்பி. அது இருக்கட்டும். அது ஒண்ணுதான் உனக்கு சாட்சி. ஈஸ்வரிக்காக விட்டு வையி."

"ரொம்ப அரிக்குது."

"பொறுத்துக்கோப்பா. இன்னிக்கு ஒரு நாள். உன் கால்ல வேணா விழறேன்."

அவன் தலை மெல்லக் குனிந்தது. சின்னப் பிள்ளை கோபித்துக்கொள்கிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் ஸ்டூலில் யாரும் இல்லை. கத்தரிக்கோல் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. நான் தொடவில்லை. ஆண்டவர்மேல் ஆணை, நான் தொடவே இல்லை. நூல்டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டினேன். பல நாளுக்குப் பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது.

பத்து மணிக்குப் பெட்டியை இழுத்தார்கள்.

தையல் இல்லை.

வாசலில் இருந்த ஆறு பேரும் கண் அசரவில்லை என்று சத்தியம் செய்தார்கள். ஈஸ்வரி புருஷனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். முந்தின நாள் விலாவோடு ஒட்டிக் கிடந்த வலது கை, தலைக்குப் பக்கத்தில் மடங்கியிருந்தது.

அரித்திருக்கிறது. அவனே பிய்த்துக்கொண்டான்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் பார்த்ததைத்தான் எழுத முடியும். தலையில் திறந்த காயம், சிகிச்சை பெற்ற அடையாளம் இல்லை. நான் கத்தினேன், பையைத் திறந்து நூல்டப்பாவைக் காட்டினேன். பெயர் எழுதாத சீட்டுக்கும் பதிவேட்டில் இல்லாத ஆளுக்கும் என்ன ஆதாரம் என்று அங்கே நின்றிருந்த இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். டாக்டரும் நானும் ஒரு பேரைக்கூட எழுதாமல் காப்பாற்றினோமே, அந்தக் காப்பாற்றல்தான் அவனை இல்லாமல் ஆக்கியது. ஈஸ்வரி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என்மேலும் வழக்குப் போட்டார்கள். ஜாமீனில் இருக்கிறேன், தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து. டாக்டருக்கு மூன்றாம் தடவையும் ஜாமீன் மறுத்துவிட்டார்கள்.

பிரேதப் பரிசோதனை நடந்த அன்று சாயங்காலம் கிளினிக்குக்குப் போய்த் தட்டைப் பார்த்தேன். எட்டோடு ஒன்றாக ஒன்பதாவது நூலும் கிடந்தது. முடிச்சு அவிழவில்லை, வெட்டப்படவும் இல்லை. அதில் நாலைந்து முடி ஒட்டியிருந்தது.

கிளினிக்கில் இப்போது நோயாளி யாரும் இல்லை. ஆனாலும் தினமும் காலையில் போய்த் திறக்கிறேன். போகாமல் இருக்க முடியவில்லை. ஸ்டூலின் பக்கத்தில் தரையில் வாந்தி இருக்கும். எப்போதும் புதிதாக, தொட்டால் சூடாக.

துணியை எடுத்துத் துடைக்கிறேன். இப்போது சொல்லிவிடத் தயாராகத்தான் இருக்கிறேன். சொல்வதற்கு டாக்டர் இல்லை.