வலது மூலை எழுத்துகள்

கம்ப்யூட்டர் மெஷினைப் போட்டதும் திரையில் விழுந்த முதல் எழுத்துகள் அன்றும் அவையேதான்: பி, எல், ஓ, கே, பி. பெட்டிகளில் ஒட்டும் சீட்டுக்கு, யாரும் ஊகிக்க முடியாதபடி எழுத்துகளைக் கலைத்துப் போட ஐப்பசியில் தங்கதுரை பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராம் அது. ஆனால் அந்த ஐந்து எழுத்தும் அவனுக்குப் பழகியவை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூர் ஃபேக்டரிக்கு மகள் பவளத்தைக் கூட்டிவந்து மடியில் வைத்தால், கீபோர்டின் வலது மூலையில் இதே வரிசையில்தான் தட்டிவிட்டுச் சிரிப்பாள். ஆடியில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. சின்னப் பிள்ளை என்பதால் எரிக்காமல் ஏரிக்கரையில் புதைத்தார்கள்.

ஆபரேட்டர் கிருஷ்ணப்பனிடம் மட்டும் இதைச் சொல்லியிருந்தான்.

"ரேண்டமைஸ்னு ஒரு வரி நீங்க போடல சார். அது இல்லைன்னா மெஷின் தினமும் ஆரம்பிச்ச எடத்துலயே ஆரம்பிக்கும். பாப்பா எல்லாம் வரல. மனசத் தேத்திக்கோங்க."

"தெரியும் கிருஷ்ணப்பா. இருந்தாலும் அந்த வரியப் போட மனசு வரமாட்டேங்கு."

வேறு வேறு நாளில் போன இரண்டு பெட்டிகளுக்கு ஒரே எழுத்துகள் விழுந்தது தெரிந்துவிட்டதால், இன்றே சரிசெய்யச் சொல்லிவிட்டார் மேனேஜர். சாயங்காலச் சங்கு ஊதி, எல்லோரும் மழைக்கு முன் பஸ் பிடிக்க ஓடிய பிறகு, தங்கதுரை தனியே உட்கார்ந்து அந்த வரியைத் தட்டினான். பிள்ளை மேல் இரண்டாம் முறை மண் தள்ளுவதுபோல் இருந்தது. மெஷினை அணைத்து மறுபடி போட்டான். வேறு எழுத்துகள் வந்தன. வாய்விட்டு அழுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது எழுத்துகள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன, ஆனால் இப்போது கீபோர்டின் இடது ஓரத்து எழுத்துகளாக மட்டும், பிறகு அதை அடுத்தவை, பிறகு நடுவில் உள்ளவை என்று, படிக்கத் தெரியாத பிள்ளை இருட்டில் தன் இடத்தைத் துழாவிக்கொண்டு வருவதுபோல வலப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன. தூசி படக்கூடாதென்று செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டு வரும் அந்த ஏ.சி. அறையில், எங்கிருந்தோ ஈரமண் வாசனை எழுந்தது.

கரண்ட் போயிற்று.

ஏ.சி.யின் இரைச்சல் அடங்கியது. திரை இருண்டது. கூரையில் மழை.

தட்.

கீபோர்டின் வலது மூலையில்.

தட். தட். தட்.

நாலு. ஐந்தாவது வரவில்லை.

மடியில் பாரம் ஏறியது. சில்லென்று. ஈரமாக.

ஓட வேண்டும். ஓடவில்லை. விழுந்துவிடுவாளே என்று முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டான், எப்போதும்போல. அணைக்கக் கை நீட்டினான். மண் உதிர்ந்தது.

பிறகு ஒரு சின்னக் கை அவன் விரலைப் பிடித்து, மூலையில் இருந்த அந்தக் கடைசி எழுத்தின் மேல் வைத்து அழுத்தியது.