மேலே கயிற்றைப் பிடித்திருப்பவள்

மீன்கள் எல்லாம் ஒரே மூலையில் நின்றன.

மீன் காட்சிக்கூடம் திறக்க இன்னும் நேரம் இருந்தது. பெரிய தொட்டியின் மேல் போட்டிருந்த இரும்புப் பாலத்தில் குந்தி உட்கார்ந்து அவள் கீழே பார்த்தாள். பம்புகளின் சீரான முனகல், வாளியில் பனி உருகும் கணவாய் மீனின் வாடை, கூரையில் நெளியும் தண்ணீர் வெளிச்சம், எல்லாம் தினமும் இருப்பதுதான். ஆனால் மணலில் போர்வை விரித்தாற்போல் கிடக்கும் திருக்கைகள் இரண்டும் இன்று கண்ணாடியோடு ஒட்டி நிமிர்ந்து நின்றன. நாள் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு ஒரு வேலையும் செய்யாததால் ‘மேனேஜர்’ என்று பேர் வாங்கிய கிழட்டுக் களவா மீன், தன் உடம்பில் பாதிகூடக் கொள்ளாத குழாய் இடுக்கில் தலையைச் செருகியிருந்தது. கணவாய்த் துண்டு ஒன்றைப் போட்டாள். அது மேனேஜரை உரசிக்கொண்டு இறங்கி மணலில் விழுந்தது. ஒரு மீனும் திரும்பவில்லை.

“அக்கா, இங்க கொஞ்சம் வாயேன்.”

கயிற்றுச் சுருளோடு அக்கா வந்தாள். பெரியம்மா மகள். நீந்தக் கற்றுக்கொடுத்தவள், படிப்பு முடிந்ததும் இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவள். நாலு பேர் கூடினால் வாய் திறக்காத தங்கைக்காகச் சின்ன வயதிலிருந்தே பேசி வந்தவளும் அவள்தான்.

“மனுஷங்ககிட்ட பேசமாட்ட. மீன்கிட்ட மட்டும் என்னடி ரகசியம்?”

“எல்லாம் ஓரமா ஒதுங்கி நிக்குது பாரு. எதையோ பாத்துப் பயந்திருக்கு. நான் லீவுல இருந்தப்ப உள்ள புதுசா ஏதாவது விட்டாங்களா?”

“புதுக் குகை கட்டினாங்க. தண்ணி மாத்தினாங்க. அவ்வளவுதான்.”

“தண்ணி நான் பாத்துட்டேன். உப்பு, சூடு, எல்லாம் சரியா இருக்கு.”

அக்கா கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “விட்டிருந்தா சொல்லமாட்டேனா? உன்கிட்ட போய் மறைப்பேனா?”

மாட்டாள். அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை.

கதவருகே சூப்பர்வைசர் தலையை நீட்டினார். “அது வாய் வச்சுதாம்மா?”

“இல்ல சார்,” என்றாள் அக்கா. “இன்னைக்கு வைக்கும்.”

மேனேஜரைப் பற்றித்தான் கேட்கிறார் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

உள்கண்ணாடியைத் தேய்க்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி தண்ணீரில் இறங்குவாள், இன்னொருத்தி மேலே கயிற்றைப் பிடித்திருப்பாள். கீழே பேச்சு கிடையாது. ஒரு இழுப்பு என்றால் நலம், இரண்டு என்றால் தூக்கு. இவள் காற்று சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டதும் அக்கா இடுப்பில் கயிற்றைக் கட்டினாள். விரல்கள் சில்லென்றிருந்தன.

“மேல நான் இருக்கேன்ல. போ.”

தொட்டிக்குள் உலகம் சுருங்கியது. தன் மூச்சு உள்ளே போகும் சீறல், குமிழிகள் காதோரம் கொப்பளித்து ஏறும் சத்தம், அதற்கும் அப்பால், பக்கத்து வீட்டில் யாரோ விடாமல் பேசுவதுபோல் பம்புகளின் முணுமுணுப்பு. பார்வையாளர் பக்கத்தில் கறுப்புத் திரை தொங்கியதால் கண்ணாடியில் அவள் முகமே தெரிந்தது. தேய்க்கும் பட்டையை எடுத்துக் கையை உயர்த்தினாள். உயர்த்திய கை நின்றது. அந்த இடத்தில் பாசி இல்லை. மணலிலிருந்து அவள் உயரத்துக்கும் மேலே, அகலமான ஒரு பட்டையாகப் பாசி வழித்தெடுக்கப்பட்டிருந்தது. ஏதோ ஒன்று தன் உடம்பை அங்கே உரசிக்கொண்டு போயிருக்கிறது.

நகராமல் நின்றாள். கணுக்காலில் குளிர்ந்த தண்ணீர் பட்டது. போனது. மறுபடி பட்டது.

புதுக் குகையின் வாயில் மணல் மெல்ல உள்ளே இழுபட்டது. கொஞ்சம் நின்றது. வெளியே தள்ளப்பட்டது. மறுபடி உள்ளே. அந்தப் பக்கம் பம்பும் இல்லை, குழாயும் இல்லை. நீரோட்டம் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். நீரோட்டம் நிதானித்து நிதானித்து வராது.

அது மூச்சு.

இன்றைக்கு முன்னால் மேனேஜர் ஒருவேளைகூடப் பட்டினி கிடந்ததில்லை. சூப்பர்வைசர் கேட்டது அதைப் பற்றி அல்ல.

கயிற்றை இரண்டு முறை இழுத்தாள்.

கயிறு மேலே போகவில்லை.

மறுபடி இரண்டு முறை. அழுத்தமாக. கயிறு தளர்ந்தது. தளர்ந்துகொண்டே வந்தது. வளையம் வளையமாக அவள் தோளில், முகத்தில், கைகளில் இறங்கியது. கடைசியில் முனையும் வந்தது. அறுந்த முனை அல்ல. அவிழ்த்த முனை.

நிமிர்ந்தாள். மேலே சதுர வெளிச்சம். அதன் விளிம்பில் தண்ணீரில் ஆடும் அக்காவின் முகம். அக்கா இவளைப் பார்க்கவில்லை. குகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும் வழியின் கம்பி மூடி நகர்ந்தது. சதுரம் பாதியானது. கோடானது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் பற்களில் அதிர்ந்தது.

உதைத்து மேலேறினாள். கம்பிகளைப் பற்றினாள். உலுக்கினாள். அக்கா. அக்கா. வாய்க்குழாயைக் கடித்துக்கொண்டு கத்தியது குமிழிகளாக மட்டும் வெளியே போனது. பாலத்தில் யாரும் இல்லை.

கீழே திரை விலகியது.

கூடத்தின் வெளிச்சம் தொட்டிக்குள் பாய்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பள்ளிச் சீருடையில் குழந்தைகள், வரிசை வரிசையாக, தரையில் சம்மணமிட்டு. அவள் பாய்ந்து இறங்கினாள். கண்ணாடியை அறைந்தாள். முஷ்டியால் குத்தினாள். முன்வரிசையில் ஒரு சிறுமி சிரித்துக் கையசைத்தாள். உடனே எல்லோரும் கையசைத்தார்கள்.

ஓரத்தில் வந்து நின்றாள் அக்கா. கையில் மைக். முடியைச் சரிசெய்துகொண்டாள். கண்ணாடியைத் தாண்டி அவள் குரல் வரவில்லை. தேவையும் இல்லை. உணவு நேரத்தில் அக்கா வழக்கமாகச் சொல்வதுதான். இவளுக்கு அந்த உதடுகளின் ஒவ்வொரு அசைவும் தெரியும்.

சத்தம் போடாதீங்க கண்ணுங்களா. சாப்பிட வர்றப்போ அது கூச்சப்படும்.

குழந்தைகள் கைகளை இறக்கினார்கள். விரலை உதட்டில் வைத்தார்கள்.

அவள் முதுகில் தண்ணீர் குளிர்ந்தது.

ஒரு குழந்தையும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனை கண்களும் அவள் தோளுக்குப் பின்னால் இருந்தன. பிறகு தலைக்கு மேலே. பிறகு இன்னும் மேலே, மெல்ல, கழுத்தை அண்ணாந்து.