தூசி என்று துடைத்தது

அவள் கையை வீசினாள். கையிலிருந்து ஒன்றும் விழவில்லை.

யசோதரன் படத்தைப் பின்னால் இழுத்து மறுபடி ஓடவிட்டான். கறுப்பு வெள்ளையில் அந்த ஸ்பானிய விதவை வாசலுக்கு வருகிறாள், மடியிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளுகிறாள், வெளியே இருட்டைப் பார்த்து வீசுகிறாள். விரல்கள் விரிகின்றன. உப்பைத்தான் காணவில்லை.

நோபல் பார்க் என்ற அந்தப் புறநகரில் குளிர்காலம் வந்தால் பின்னேரமே இருட்டிவிடும். ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது, வெளியே ஈரத்தில் சறுக்கிப்போகும் கார்களின் இரைச்சல் வேலியோடு நின்றுவிட, வீட்டுக்குள் பழைய கம்பளத்தின் வாடையும் மத்தியானம் வைத்த ரசத்தின் வாடையும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. வீட்டில் அவனும், பக்கத்து அறையில் காய்ச்சலோடு படுத்திருந்த ஐந்து வயது மகள் நிலானியும்தான். மனைவி தவநாயகி முதியோர் இல்லத்தில் மாலை வேலைக்குப் போயிருந்தாள். அவனுக்கு விடியற்காலையில் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை, மத்தியானத்துக்குப் பிறகு வீட்டிலிருந்து பழைய சினிமாப் படங்களைக் கணினியில் சுத்தம் செய்யும் வேலை, நடுவில் பிள்ளைக்கு மருந்து. தூக்கம் என்பது கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இந்தப் படம் தொண்ணூறு வருடப் பழசு. பெயர் வரும் பகுதி அழிந்துபோனதில் இதன் பெயர்கூட ஒருவருக்கும் தெரியாது. கதை சின்னதுதான். கடலில் மூழ்கிப்போன மீனவன் ஒவ்வோர் இரவும் வீட்டு வாசலுக்கு வந்து தன் மகளைக் கேட்கிறான். தாய் உப்பை வீசுகிறாள். அவன் படியைத் தாண்டாமல் நின்றுவிட்டுப் போகிறான். படகில் இந்த நாட்டுக்கு வந்து இன்னமும் தற்காலிக விசாவில் இருக்கிற யசோதரனுக்கு இந்தக் கதை துளியும் பிடிக்கவில்லை. பிடிக்கிறதோ இல்லையோ, காலையில் சிட்னிக்கு அனுப்பியாக வேண்டும்.

உப்பு எங்கே போனது என்று அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. தூசி படச்சுருளின் ஒரு பிரேமில் இருக்கும், அடுத்ததில் இராது. மென்பொருள் அதை வைத்துத்தான் தூசியைப் பிடிக்கிறது. முன்னும் பின்னும் பார்த்து, ஒரே ஒரு பிரேமில் மட்டும் தெரிகிற வெள்ளைப் புள்ளியை அழித்துவிடும். காற்றில் பறக்கிற உப்பும் அப்படித்தானே தெரியும். அதனால் மழை, தீப்பொறி, இறகு வருகிற இடங்களில் கையால்தான் துடைக்க வேண்டும். இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது அது. நேற்று அலுப்பில் முழுப் படத்தையும் மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டுக் கதிரையிலேயே தூங்கிவிட்டான்.

தொலைபேசி அதிர்ந்தது. தவநாயகி.

"பிள்ளைக்கு இப்ப எப்பிடி?"

"படுத்திருக்கிறாள்."

"தொட்டுப் பாத்தனீங்களோ?"

"ஓம்." தொட்டுப் பார்க்கவில்லை.

"அந்தப் படத்தை விட்டிட்டு அவளுக்குப் பக்கத்தில கொஞ்சம் இருங்கோவன்."

"இந்த ஒரு துண்டுதான். முடிச்சிட்டுப் போறன்."

அவன் படத்தை மேலே ஓடவிட்டான். இந்தக் காட்சியை ஒரு கிழமையாகப் பார்த்துச் சலித்திருந்தான்; அடுத்து மீனவன் தலையைக் குனிவான், திரும்பிக் கடலுக்கு நடப்பான்.

மீனவன் தலையைக் குனியவில்லை. வெறுமையாக வீசிய கையைப் பார்த்தான். படியில் கால் வைத்தான். ஊறிப்போன சட்டையிலிருந்து தண்ணீர் ஒழுக, தாயைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி, திரையை நோக்கி நேராக வந்தான். முகம் பெருத்துப் பெருத்துத் திரை முழுவதும் கறுப்பானது.

தூக்கக் கலக்கம் என்று யசோதரன் தனக்குச் சொல்லிக்கொண்டான். யாரும் துடைக்காத மூலப் பிரதியைத் திறந்தான். அதில் உப்பு இருந்தது. வெள்ளை வெளேரென்று பறந்து வாசலில் கொட்டியது. அப்பாடா என்று மூச்சு விடப் போனவன் வாசலைக் கவனித்தான்.

வாசலில் ஆள் இல்லை. தாய் வெறும் இருட்டுக்கு உப்பு வீசிக்கொண்டிருந்தாள். அடுத்த காட்சியிலும் வாசல் வெறுமை. அதற்கடுத்த காட்சியிலும். படம் முழுவதும் தேடினான். நேற்றுவரை இருந்த மீனவன் எங்குமே இல்லை.

ஹீட்டர் நின்றது.

ரச வாடை போய் வேறொரு வாடை வந்தது. அவனுக்குத் தெரிந்த வாடைதான். படகின் அடித்தட்டில் நாட்கணக்காகத் தேங்கி நின்ற கடல் தண்ணீர். அதை மறக்க அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அறைக்கு வெளியே நடையில் சத்தம். சொத். சொத். ஈரப் பாதங்கள்.

பிறகு நிலானியின் குரல். அரைத் தூக்கத்தில், கொஞ்சலாக.

"அப்பா, ஒய் ஆர் யூ சோ வெட்?"

அவன் எழுந்தான். முழங்கால் மேசையில் இடித்தது. நடையில் கம்பளம் நனைந்திருந்தது. குசினிக்கு ஓடினான். அம்மா உப்பைச் சுற்றி நாவூறு கழிப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறான்; அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. உப்புப் போத்தலை உடைப்பதுபோலத் திறந்து கை நிறைய அள்ளினான்.

பிள்ளையின் அறைக் கதவு திறந்திருந்தது.

வீசினான்.

விரல்கள் விரிந்தன. சுவரில் ஒரு மணி படவில்லை. தரையில் ஒரு மணி விழவில்லை. மறுபடி அள்ளினான். வீசினான். ஒன்றுமில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் மீனவன் குனிந்திருந்தான். உயரமான, சாம்பல் நிற ஆள். ஓரங்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவன் கை பட்ட இடத்தில் மஞ்சள் போர்வை வெளுத்தது. தலையணையின் பூக்கள் சாம்பலாயின. பிள்ளையின் சிவப்புப் பிஜாமா, காலிலிருந்து மேலே, மெல்ல மெல்ல, கறுத்தது.

"நிலா. நிலாக்குட்டி. அப்பாட்ட வாம்மா."

சத்தம் வெளியே வந்ததா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

அந்த ஆள் பிள்ளையைத் தூக்கினான். பழகிய கைதான், தலையைத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்திருந்தது. அவள் கன்னத்தில் கடைசியாக இருந்த காய்ச்சல் சிவப்பும் போனது. ஒழுகும் தோளில் முகத்தை வைத்து, இரண்டு கைகளாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அறை வாசலில் நிற்கிற யசோதரனைப் பார்த்தாள். கூச்சத்தில் முகத்தை இன்னும் உள்ளே புதைத்தாள்.

"அப்பா," என்று அந்த ஆளின் காதில் கேட்டாள், "ஆர் அந்த மாமா?"