ஏழாம் வாய்ப்பாடு

பள்ளிக்கூடத் தரையில் போட்டிருந்த கடைசிக் கட்டத்தில் மட்டும் மூச்சு புகையவில்லை. மற்ற பிள்ளைகளின் கம்பளி முக்காட்டுக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது. வண்டிப்பெரியாற்று மேட்டில், ஐப்பசிக் குளிருக்கு அது வழக்கம்தான். அன்னாள் டீச்சர் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். கடைசிக் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது அவள் மகள் செபமாலை.

ஜெர்மன் சண்டை முடியப்போகிறது என்று பேச்சிருந்த அந்த மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில் லயம் லயமாக விஷக்காய்ச்சல் புகுந்தது. தோட்டத்துத் துரை உத்தரவுப்படி பெஞ்சுகளை வெளியே போட்டு, தரையில் சுண்ணாம்பால் தள்ளித் தள்ளி எட்டுக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு பிள்ளையாக உட்காரவைத்தாள் அன்னாள். பெற்றவர்கள் கொழுந்து எடுத்துத் திரும்பும்வரை யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது. பெரியமுத்துக் கங்காணி வெளியே குறுக்குக்கட்டை போட்டுக் காவல் இருந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு அடியாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே இருப்பார்கள்; சத்தம் நின்றால் யாருக்கோ சுகமில்லை என்று கங்காணி கதவைத் திறக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைச் சொன்னவளும் அவளே.

"ஏழெட்டு அம்பத்தாறு."

செபமாலையின் குரல்தான். கணீரென்று வந்தது. அன்னாளுக்குப் போன உயிர் திரும்பியது.

ஆனாலும் ஆவி இல்லை. பெற்ற மனம் கேட்குமா? சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் போய் முக்காட்டை விலக்கினாள். கன்னம் ஜில்லிட்டிருந்தது. தாடை இறுகியிருந்தது. மகளை வாரி மடியில் போட்டுக்கொண்டு அலறினாள்.

"கங்காணி! கதவத் தொறங்க! எம்புள்ள போயிட்டா!"

"என்ன டீச்சரம்மா சொல்றீக? ஒண்ணும் வெளங்கல. புள்ளைக சத்தந்தான் கேக்குது."

"நிறுத்துங்க புள்ளைகளா! வாய மூடுங்க!"

யாரும் நிறுத்தவில்லை. குரல்கள் இன்னும் ஓங்கின.

"ஏழொண்ணு ஏழு."

முதல் கட்டத்தில் ஆவி நின்றது.

"ஏழிரண்டு பதினாலு."

அடுத்ததிலும்.

"நல்லாத்தான படிக்குதுக!" கதவுக்கு அந்தப்புறம் கங்காணி சிரித்தார். "பொழுதடையத்தான் தொறப்பேன், டீச்சரம்மா. துரை உத்தரவு."

அவள் கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கட்டம் கட்டமாக ஆவி அடங்கிக்கொண்டே வந்தது.

"ஏழேழு நாப்பத்தொம்பது."

பக்கத்துக் கட்டம்.

முக்காடுகள் எல்லாம் அவள் மடியின் பக்கம் திரும்பின. காத்திருந்தன.

அன்னாள் மகளின் வாயை இறுக்கிப் பொத்தினாள். உள்ளங்கைக்கு அடியில், விறைத்த உதடுகள் மெல்லப் பிரிந்தன.