ஏற்றவற்றத்தின் நான்காம் பகுதி

மேடையை யாரும் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் யார் பார்க்கிறார்கள்? தூத்துக்குடி இசையரங்கில் கூடியிருந்த அத்தனை கண்களும் மேடைக்கு மேலே தொங்கிய நிறப்பலகையில்தான் இருந்தன. அதற்குக் கீழே, தலையில் ஊற்றுமானிப் பட்டையோடு கிளாடியஸ் உட்கார்ந்திருந்தான். கடல் ஏறி வற்றுவதைப் பேராக வைத்து அவன் இயற்றிய ‘ஏற்றவற்றம்’ இன்னும் சற்று நேரத்தில் ஒலிக்கும்.

ஊற்றுமானி வந்தபிறகு பாட்டுக் கேட்கிற லட்சணமே மாறிப்போயிற்று. தான் இயற்றிய பாட்டை ஒருவன் கேட்கும்போது, ஒவ்வொரு இடமும் அவனுக்குள் முதன்முதலில் பிறந்த நேரத்து உணர்ச்சி மூளையில் மறுபடி எரியும். பட்டை அதைப் பிடித்துப் பலகையில் நிறமாகக் காட்டும். துக்கம் நீலம், கோபம் சிவப்பு, மகிழ்ச்சி மஞ்சள், நிம்மதி பச்சை. அவ்வளவுதான் சங்கதி. அதற்குள் எத்தனை ஆட்டம்! இப்படிச் சோதித்து நிறம் குறித்துக் குத்தும் ஊற்று முத்திரை இல்லாத பாட்டை வானொலியில் போடுவதில்லை, பேருந்தில் போடுவதில்லை, கல்யாண வீட்டிலும் போடுவதில்லை. பாட்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்க ஆளில்லை. நிஜமா என்றுதான் கேட்கிறார்கள். நாக்கு எதற்கு இருக்கிறது, காது எதற்கு இருக்கிறது என்றே மறந்துபோன ஜனம்.

‘ஏற்றவற்றம்’ ராக் பாட்டுதான். ஆனால் இருபத்து மூன்று நிமிடம், ஐந்து பகுதி. ‘கழிமுகம்’ என்ற அவன் குழு ஒரு காலி உப்புக் கிட்டங்கியில் மாதக்கணக்கில் அடித்துத் துவைத்து உருவாக்கியது. முதல் பகுதியில் கிடார் துறைமுகச் சங்கு மாதிரி ஊளையிடும். இரண்டாவதும் மூன்றாவதும் பதின்மூன்று அடித் தாளம். கால் தட்டப் பார்த்தால் கால் தடுக்கும். ஐந்தாவதில் எல்லா வாத்தியமும் ஒன்றாகப் பொங்கும். ஆனால் அந்தப் பாட்டுக்கு உயிர் நான்காம் பகுதி. டிரம்ஸே கிடையாது. ஆர்கன் மட்டும், சுவாசிப்பது போல. ஒவ்வொரு பதின்மூன்றாம் அடியும் வெறுமையாக நிற்கும்.

அந்த வெறுமை ஸ்தேவானுக்கு என்பது ஊரறிந்த கதை. ஸ்தேவான் குழுவின் டிரம்ஸ்காரன். பாட்டு பாதியில் நிற்கும்போது, நண்பனின் படகில் கடலுக்குப் போனவன் பிணமாகக் கரை ஒதுங்கினான். அடக்கம் முடிந்த வாரத்திலேயே கிளாடியஸ் நான்காம் பகுதியை எழுதினான். செத்தவனின் அடியை யாரும் அடிக்கக்கூடாது என்று விட்டுவிட்டான். அப்படித்தான் பேட்டிக்குப் பேட்டி சொன்னான். சொல்லிச் சொல்லி அவனே நம்பியும் விட்டான். ரசிகர்கள் அந்த அடி வரும்போதெல்லாம் நெஞ்சில் கை வைப்பார்கள். ஸ்தேவானின் மனைவி பிரகாசியும் வைப்பாள். கல்லறைக்குப் போவதைவிட அந்தப் பாட்டுக்குத்தான் அவள் அதிகம் போனாள்.

முத்திரை இல்லாததால் பாட்டு மெல்லச் சாகத் தொடங்கியபோது அவள்தான் வந்து நின்றாள்.

“அண்ணே, நீங்க அந்தப் பட்டையப் போடுங்க. நீலம் வரட்டும். எங்க வீட்டுக்காரவியள இந்த ஊரு மறந்துறக் கூடாது.”

“எதுக்கு பிரகாசி? நமக்குத் தெரிஞ்சது போதாதா?”

“நமக்குத் தெரிஞ்சி என்ன செய்ய? இப்ப ஊரே அந்தப் பலகையத்தான நம்புது.”

அவனுக்கும் ஆசை இருந்தது. தன் பாட்டு செத்துப்போவதை எந்த மடையன் பார்த்துக்கொண்டிருப்பான்?

பாட்டு தொடங்கியது. முதல் பகுதி மஞ்சளும் சிவப்பும். இரண்டும் மூன்றும் வரவரச் சிவப்பு, அதுவும் ரத்தச் சிவப்பு. கூட்டம் தலையாட்டியது. நான்காம் பகுதியின் ஆர்கன் எழுந்ததும் முன்வரிசையில் பிரகாசி நெஞ்சில் கை வைத்தாள். அரங்கமே வைத்தது.

பலகை பச்சையானது.

இளம்பச்சைகூட இல்லை. நடவு முடிந்த வயல் மாதிரி, ஒரு பொட்டு நீலம் இல்லாத பச்சை. வெற்றடி ஒவ்வொன்றிலும் அது இன்னும் பளபளத்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒவ்வொரு கையாக நெஞ்சிலிருந்து இறங்கியது.

பாட்டு முடிந்து ஜனம் முணுமுணுத்தபடி கலைந்தது. கருவியை இயக்கிய மகிழினிக்கு மட்டும் தலைகால் புரியவில்லை. “சார், செம! துக்கத்துல எப்பவும் கலப்படம் இருக்கும். கலப்பே இல்லாத நிம்மதிய நான் பாத்ததே இல்ல. வயசானவங்க சாவுக்குக் காத்திருக்கிற வீட்லல்லாம் இது பிச்சிக்கிட்டுப் போகும். முத்திரை குத்திரட்டா?”

“இரு புள்ள, குத்தாத” என்று மேடையேறி வந்தாள் பிரகாசி. அவள் முகத்தில் ஈயாடவில்லை. “அண்ணே, அவிய செத்ததுல உங்களுக்கு அப்படி என்ன நிம்மதி?”

கிளாடியஸ் தரையைப் பார்த்தான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“அவன் கடலுக்குப் போனதுக்கு முந்துன நாள் சண்ட. பாட்ட ஆறு நிமிசமா வெட்டச் சொன்னான். இவ்வளவு நீளத்த எவன் கேப்பான்னான். குழுவுல மத்த ரெண்டு பேரும் அவன் பக்கம். பாட்டு அன்னைக்கே போயிருக்கும்.”

“அதனால?”

“செய்தி வந்தப்போ மொதல்ல... இனி வெட்டச் சொல்ல ஆளில்லன்னு தோணிச்சி. அப்புறம் அழுதேன் பிரகாசி, சத்தியமா அழுதேன். ஆனா அதுக்குள்ள அந்த மெட்டு வந்துட்டு.”

“டிரம்ஸ எடுத்தது?”

“அந்த எடத்துல மொதல்ல அவனோட டிரம்ஸ் தனியா ஒண்ணு இருந்திச்சி. எனக்குப் புடிக்காமத்தான் வச்சிருந்தேன்.”

“அப்ப இத்தன வருசமா அழுத அழுக பூராவும் என்னோடதுதானா? இந்தப் பாட்டுல அவியளுக்குன்னு ஒரு சொட்டுகூடக் கெடையாதா?” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி. முத்திர குத்துறதுக்கு முன்ன எந்தப் பகுதியையும் நீக்கலாம்னு விதி இருக்காம்லா. நாலாவத எடுத்துருங்க. எவன் எவனோ தன் வீட்டுச் சாவுக்கு நிம்மதியா இதக் கேக்கது எனக்கு வேண்டாம். உங்க காலப் புடிச்சிக் கேக்கேன்.”

மகிழினி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கிளாடியஸ் நெடுநேரம் யோசித்ததாகத் தெரியவில்லை.

“நாலாவது இல்லாம மூணும் அஞ்சும் ஒட்டாது பிரகாசி. மூணு முடியுற சுரத்துலதான் நாலு எழும்புது. எடுத்தா பாட்டு முண்டமாயிரும். நீ என்ன வேணாலும் கேளு, பாட்ட வெட்டச் சொல்லாத.”

“இதத்தான அண்ணே அவியளும் கேட்டாவ?” என்றாள் பிரகாசி. “அவிய கடல்ல போனாவ. நான் எங்க போவணும்?”

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. செருப்பைக்கூடத் தேடாமல் இறங்கி, காலி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். பாட்டை வெட்டச் சொல்ல இனி ஆளில்லை.

பட்டை இன்னும் அவன் தலையில்தான் இருந்தது. பாட்டு நின்றாலும் அந்தச் சனியன் நிற்காது. மண்டைக்குள் இருப்பதைக் காட்டிக்கொண்டே இருக்கும். கிளாடியஸ் அழுதான். நடிப்பில்லை, நிஜக் கண்ணீர், தாடி நனைய வழிந்தது. ஸ்தேவானின் ஊதிப்போன உடம்பை நினைத்தான், இப்போது தெருவில் வெறுங்காலோடு நடக்கிறவளை நினைத்தான். தன்னைக் காறித் துப்பவேண்டும் போலிருந்தது. தலையைத் தூக்கி, ஒரு துளி நீலமாவது தெரியாதா என்று பார்த்தான்.

“சார், ஆடாம அப்படியே இருங்க” என்றாள் மகிழினி, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். “முதல்ல வந்ததவிட இது இன்னும் நல்ல பச்சை.”